உதட்டில் கொப்புளம், தொட்டிலில் குழந்தை

தம்பி மகளுக்குப் பெயர் வைக்கும் நாளுக்கு முந்தின சாயங்காலம், வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது என் மேலுதடு குறுகுறுத்தது. பாழாய்ப்போன உதட்டுக்கு நேரம் காலமே கிடையாது. விடிந்தால் கொப்புளம்தான் என்று தெரிந்துவிட்டது.

பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு இது வரும். வெயிலில் அலைந்தாலும் வரும், காய்ச்சல் கண்டாலும் வரும். பல்லி எச்சம் பட்டிருக்கும் என்று அம்மா காவியைக் குழைத்துப் பூசுவாள். போன வருடம்தான் தோல் மருத்துவரிடம் போனேன். ஹெர்பிஸ் (தோலில் புகுந்து நரம்பில் தங்கிவிடும் வைரஸ்) என்றார். கெட்ட நோய் என்று எங்கோ படித்திருந்ததால் கூனிக் குறுகிப் போனேன்.

“இது உதட்டுல வர்ற வகைம்மா. சின்ன வயசுல வீட்டுல யாராவது முத்தம் குடுத்திருப்பாங்க, அவ்வளவுதான்” என்றார். புண் ஆறினாலும் வைரஸ் போகாதாம். காதுக்கு அருகே நரம்பு முடிச்சில் (நரம்பு செல்கள் திரண்டிருக்கும் இடம்) உறங்கும். உடம்பு சோர்ந்தால் அதே நரம்பு வழியாக இறங்கி உதட்டுக்கு வரும். குறுகுறுப்பு தொடங்கியதுமே மாத்திரை போட்டால் சீக்கிரம் அடங்கும். எச்சிலிலும் புண்ணின் நீரிலும் பரவும். சில சமயம் புண் இல்லாதபோதும் பரவும். “பச்சப்பிள்ளைக்கு மட்டும் தொத்தவே கூடாது. மூளை வரைக்கும் போகும், உயிருக்கே ஆபத்து” என்றார்.

எங்கள் வழக்கத்தில் அத்தைதான் குழந்தையின் காதோடு வாய் வைத்துப் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டும். இருக்கும் ஒரே அத்தை நான்.

இரவே மாத்திரை போட்டும் கொப்புளம் வந்துவிட்டது; காலையில் விழா வீட்டில் முகக்கவசத்தோடு போய் நின்றேன்.

“ஏட்டி, நல்ல நாளும் அதுவுமா என்னத்துக்கு இது? வந்தவுக என்ன நெனைப்பாவ?” என்றாள் அம்மா.

வயிற்றுவலி என்று படுத்துவிடலாமா என்று தோன்றியது. எனக்கென்று உள்ள உரிமையை எதற்கு விட வேண்டும்? சபையிலேயே சொன்னேன்: “எனக்கு வாயில ஹெர்பிஸ் வந்திருக்கு. பிள்ளைக்குத் தொத்திரும், கிட்ட வர மாட்டேன். ஆனா பேரை நான்தான் சொல்லுவேன்.”

தம்பி மனைவிதான் முதலில் பேசினாள். “மைனி, அங்கன நின்னே சொல்லுங்க. எம்பிள்ளைக்குக் கேக்கும்.”

வாசல்படியில் நின்று “கோமதி! கோமதி! கோமதி!” என்று கூப்பிட்டேன். தெருவுக்கே கேட்டது. குழந்தை வீறிட்டாள். வீடே சிரித்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

பிறகு அடுக்களையில் அம்மா என் கையைப் பிடித்தாள். “எனக்கும்லா வாயில வரும்? அப்ப நாந்தான் உனக்குக் குடுத்தேனா?”

“முத்தத்தோடதான குடுத்த, போம்மா” என்றேன். இருவருக்குமே கண் கலங்கிவிட்டது.

அம்மா நேராகப் போய்த் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். “தூர நின்னு கொஞ்சுங்க. மூஞ்சில யாரும் முத்தம் குடுக்கப்படாது!” சொந்தக்காரர்கள் ஒருவர்கூடத் தப்பவில்லை.

உங்களுக்கும் இது வருமென்றால், மறைக்காதீர்கள். எனக்கு இன்னும் வருகிறது. முன்பெல்லாம் கொப்புளம் வந்தால் அந்த வாரமே எனக்கு இல்லை என்று வீட்டில் அடைந்து கிடப்பேன். இப்போது உதடு குறுகுறுத்ததுமே மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறேன்.

கோமதி நடக்கத் தொடங்கிவிட்டாள். அவள் உதட்டில் இதுவரை ஒரு பொட்டுப் புண் இல்லை. அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது, என்னைத் தாண்டிப் போகவில்லை.