கணினி வெள்ளத்தில் மாடு இல்லை

நபுவிரே ஓடவிட்ட ஆற்றில் ஒருவரும் சாகவில்லை. அது அவளுடைய மடிக்கணினிக்குள் ஓடிய ஆறு. அதில் ஆயிரம் வெள்ளம் விட்டுப் பார்த்தாள். காற்று, இடி, பாட்டரி பலவீனம் எதையும் விடவில்லை. ஆற்றோரம் மண்மேடாக எழுப்பிய கரை நெடுக நட்ட உணர்கருவிப் பெட்டிகள் ஒன்றுக்கொன்று வானொலியில் சேதி கடத்தி, ஆயிரம் தடவையும் ஊரைக் காப்பாற்றின. நைரோபியில் கைதட்டினார்கள். அந்த அரங்குக்குள் வெள்ளம் வராது.

நிஜ ஆறு, அவள் ஊரில் ஓடும் நசோயா. பெட்டிகளை இடுப்பு உயரக் கம்பத்தில்தான் மாட்டினாள். உயரத்தில் வைத்தால் திருடன் கண்ணில் படும். அபாயச் சங்கு ஊர்த் துணைத் தலைவர் வன்சாலாவின் அலுவலகக் கூரையில் இருந்தது. அதன் சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. போன மாதம் எவனோ மீன்வலையைக் காயப்போட ஒரு பெட்டியை இழுத்துக் கட்ட, சங்கு அலறி, ஊரே கரையேறி, வெறும் ஆற்றைப் பார்த்துவிட்டு இறங்கியது. அன்றிலிருந்துதான் சாவி பைக்குள் போனது.

அன்று காலையிலிருந்து அடைமழை. கைபேசிக் கோபுரம் செத்துக் கிடந்தது. வன்சாலாவின் மேசையில் நபுவிரே திறந்து வைத்திருந்த திரையில் மேல்கோடிப் பெட்டி அணைந்தது. சற்றுப் பொறுத்து அடுத்தது. பிறகு அதற்கடுத்தது. கீழ்க்கோடியில், பள்ளத்தில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு எதிரே நின்ற பெட்டி மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பள்ளியில்தான் அவள் மகள் அஜியாம்போ படிக்கிறாள்.

"சாவியைக் குடுங்க ஐயா."

"தண்ணி எவ்வளவுன்னு சொல்லுதா உன் பெட்டி?"

"ஒண்ணும் சொல்லல. வாயை மூடிடுச்சு."

"சொன்னப்போ பொய் சொல்லுச்சு. இப்ப சொல்லாமலே பொய்யா? போன தடவை ஓடினதுல என் கோழிக்குழம்பு கருகினதும் இல்லாம, என் பொஞ்சாதி இன்னும் பேச மாட்டேங்குறா."

"அதுக்கு நான் பொறுப்பா?"

"அந்த நிம்மதிக்கு நீதான் பொறுப்பு. ஆனா வெளியில சொல்ல முடியுமா?"

நபுவிரேவுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு பெட்டி அணைந்தது. பாட்டரி இப்படி வரிசையில் நின்று சாகாது. மின்னல் அடித்தால் மொத்தமாகப் போகும். இது நடந்து வருகிறது. அவசரமில்லாமல், நின்று நின்று...

அவள் வன்சாலா பக்கம் திரும்பினாள்.

"ஐயா, மேல்கோடியில உங்க தம்பி இருக்காரே, ஆத்துல தண்ணி ஏறினா முதல்ல என்ன செய்வாரு?"

"மாட்டைக் கரை மேல ஓட்டுவான். எல்லாரும் அதைத்தானே செய்வாங்க? வேற மேடு ஏது இங்க? சின்ன வயசுல நீயும்தானே ஓட்டின!"

ஓட்டினாள். அவளுடைய ஆயிரம் வெள்ளத்திலும் ஒரு மாடுகூடக் கரையேறவில்லை என்பதுதான் விஷயம். மாடு என்பது நாலு கால் வைத்த தண்ணீர்த்தொட்டி. வானொலி அலை அதைத் தாண்டாது. பெட்டிகளையோ சரியாக மாட்டு வயிற்று உயரத்தில் மாட்டியிருந்தாள்.

"பெட்டி கெட்டுப்போகல ஐயா. அதை மாடு மறைச்சு நிக்குது. உங்க தம்பி மாடும் அதுல ஒண்ணு."

வன்சாலா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். தம்பி தன் அண்ணனை நம்பி எதுவும் செய்ததில்லை. ஆனால் மாட்டைக் காரணமில்லாமல் நனைய விட்டதும் இல்லை. சாவி வெளியே வந்தது.

சங்கு அலறியது. ஆனால் ஏற்கெனவே ஏமாந்த பள்ளிக்கூடம் நம்புமா? ஓடிப்போய்ப் பார்க்கவும் வழியில்லை, பாதையில் தண்ணீர் புகுந்திருந்தது. மிச்சமிருந்தது ஒரே புள்ளி. பள்ளிக்கெதிர்ப் பெட்டி 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று துடித்தது. குழந்தைகளும் தண்ணீர்ப் பைகள்தாம். அவர்கள் கரை மேலேறி வந்து பெட்டியைச் சுற்றி முண்டியடித்து நின்றால் அதுவும் அணைய வேண்டும்.

"செத்துப்போ," என்றாள் தான் பெற்ற பெட்டியைப் பார்த்து. "தயவு செஞ்சு செத்துப்போடி."

துடித்தது. துடித்தது. ஒருமுறை தயங்கியது, மறுபடி துடித்தது. வன்சாலா தொப்பியைக் கழற்றினார்.

புள்ளி அணைந்தது.

திரை முழுக்க இருட்டு. நைரோபியில் இதைப் பார்த்திருந்தால் படுதோல்வி என்றிருப்பார்கள். நபுவிரே மேசையில் தலை கவிழ்த்து அழுதாள்.

"இப்ப என்னம்மா சொல்லுது?" என்றார் வன்சாலா.

"ஒண்ணுமே சொல்லல ஐயா."

"நல்லது," என்று அவர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.