தையல்கடையில் மட்டும் ஏறி இறங்கிய விலை

ஊரில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘எவ்வளவு’ என்பார்கள். “எவ்வளவு வர்றாரு பாரு” என்று முடிவெட்டும் கடைக்காரர் உள்ளே குரல் கொடுப்பார். என் பிழைப்பு அப்படி. விலைவாசிப் புள்ளிவிவர அலுவலகத்துக்காக மாதாமாதம் கடை கடையாக ஏறி, முடி வெட்ட எவ்வளவு, சட்டை வெளுக்க எவ்வளவு, பல் பிடுங்க எவ்வளவு என்று கேட்டு எழுத வேண்டும். காய்கறியை வேறொருவர் பார்க்கிறார். வீட்டு வாடகைக்கும் தனி ஆள். மற்றவர் உழைப்புக்கு நாம் கொடுக்கும் கூலி மட்டும் என் தலையில். அந்தத் தலையில் முடி இல்லை என்பதைச் சொல்லிச் சிரிக்காத கடைக்காரர் கிடையாது.

இந்த வேலையில் ஒரு விதி உண்டு. விலை போன மாதத்தைப் போலவே இருந்தால் ‘மாற்றமில்லை’ என்று ஒரு கோடு போட்டுவிட்டுக் கிளம்பலாம். மாறியிருந்தால் உட்கார்ந்து குடைய வேண்டும். ஏன் ஏறியது? வேலை அதேதானா? நூல் உசத்தியா? தரம் கூடியதால் விலை கூடியிருந்தால் அந்தக் கூடுதல் விலைவாசி ஏற்றத்தில் சேராது. குடைவதில் நான் சூரன். அதனால் என் தலை தெரிந்ததுமே எல்லாரும் “அதே விலைதான் சார், அதே விலைதான்” என்று வாசலிலேயே வழியனுப்பிவிடுவார்கள். என் முகராசியால்தான் ஊரில் விலைவாசி அடங்கிக் கிடக்கிறது என்று அக்காவிடம் பீற்றிக்கொள்வேன்.

தையல்கடை மட்டும் விதிவிலக்கு. பேண்ட் நீளம் குறைக்க அங்கே ஒரு மாதம் ஏறும், மறு மாதம் இறங்கும். கடைக்கார அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும், என்னைப் போலவே தனிக்கட்டை. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே பேசும் வித்தை தெரிந்தவர். நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரம்பிப்பேன்.

“இந்த மாசம் ஏன் ஏறிச்சு?”

“மெஷின் ஊசி நிறைய உடைஞ்சுது சார்.”

“போன மாசம் ஏன் இறங்குச்சு?”

“மனசு நல்லா இருந்துது.”

மனசுக்குப் படிவத்தில் குறியீடு இல்லையே என்று நான் கவலைப்படுவேன். அவர் டீ வரவழைப்பார். பேச்சு விலையை விட்டு எங்கெங்கோ போகும். அந்த ஒரு நாளுக்காகத்தான் மாதத்தின் மிச்ச நாட்களை ஓட்டுகிறேன் என்பதை நான் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. அவ்வளவு தைரியசாலி!

ஒரு நாள் அதிகாரி போனில் கத்தினார். “யோவ், அந்தத் தையல்கடை என்ன ஊஞ்சலா? நம்ம கணக்கையே ஆட்டுது. ஒழுங்கா காரணம் சொல்லு. இல்லைன்னா அதைப் பட்டியல்லேர்ந்து தூக்கிட்டு வேற கடையைப் போடு.”

கடை பட்டியலில் இல்லையென்றால் எந்த முகத்தோடு அங்கே போவேன்? பேண்ட் குறைக்கவா? என் உயரத்துக்குக் கிடைக்கிற பேண்ட் எல்லாம் ஏற்கெனவே கணுக்காலுக்கு மேலேதான் நிற்கிறது. சோறு இறங்கவில்லை. அக்கா என்னவென்று கேட்டாள், சொன்னேன்.

“அந்தக் கடையா? உங்க அத்தான் பேண்ட்டை எல்லாம் அங்கதானேடா குடுக்கறேன். ரெண்டு வருஷமா ஒரே விலைதான்!”

எனக்கு வந்ததே கோபம். அரசாங்கத்துக்கே பொய் விலையா! மறுநாள் கடை திறந்ததும் போய் நின்றேன்.

“எங்க அக்காவுக்கு ஒரு விலை, எனக்கு ஒரு விலையா? என்னை என்ன கேணைன்னு நினைச்சீங்களா?”

அவர் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். “ஆமா சார், நினைச்சேன். விலை மாறலைன்னா வாசல்லயே கோடு போட்டுட்டு ஓடிடறீங்க. மாறினாத்தான் உட்கார்றீங்க. நானும் எத்தனை தடவைதான் ஏத்தி இறக்கறது? மனசு நல்லா இருந்துதுன்னுகூடச் சொல்லிப் பாத்தாச்சு. அதையும் குறிச்சுக்கிட்டுப் போனீங்களே!”

காதெல்லாம் சுட்டது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன்கூட என்னைவிடக் கெட்டிக்காரன். நான் வெண்ணெய்க்கு மாதாமாதம் விலை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த நேரத்தில் ஆயிரம் சொல்லியிருக்கலாம். சந்தோஷத்தில் புத்தி மழுங்கி, “அப்போ சரியான விலைதான் எவ்வளவுங்க?” என்று கேட்டேன்.

அவர் தலையில் அடித்துக்கொண்டு மெஷினை ஓட்டத் தொடங்கிவிட்டார்.

வாசலுக்கு வந்து அதிகாரிக்குப் போன் போட்டேன்.

“சார், அந்தத் தையல்கடையைத் தூக்கிடுங்க. பழைய விலையை எல்லாம் நான் திருத்தித் தந்துடறேன்.”

“காரணம் என்னய்யா எழுதறது?”

“சொந்தக்காரங்க கடையில விலை எடுக்கக் கூடாதுல்ல சார்.”

“சொந்தமா? இத்தனை நாளா வாயே திறக்கலையே! என்ன உறவு?”

எனக்குப் பின்னால் மெஷின் சத்தம் நின்றது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

“அவங்க சம்மதிச்சா, சம்சாரம் சார்” என்றேன்.

அதிகாரி பதில் சொல்லும் முன்பே கடைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“எழுதிக்கச் சொல்லுங்க.”