அக்காவுக்குள் வைத்த பெட்டி

அக்காவுக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தபோது வயது முப்பத்தொன்பது. கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தாள். போர்டில் தான் போட்ட வட்டம் கோணிக்கொண்டதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்ததை அவளே என்னிடம் சொல்லிச் சிரித்தாள். தொண்ணூறுகளின் கடைசி அது. நாலைந்து வருஷத்தில் அந்தச் சிரிப்பே போய்விட்டது. சந்தோஷமோ கோபமோ எதுவும் முகத்தில் தெரியாது. நடுக்குவாத மாத்திரை வேலை செய்கிற வரைக்கும் நடப்பாள். அதன் வேகம் தீர்ந்ததும் நிலைப்படியில் கால் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுவாள்.

சென்னையில் காட்டினோம். மூளைக்குள் மெல்லிய கம்பி இரண்டு இறக்கி, தோள் எலும்புக்குக் கீழே தோலுக்குள் ஒரு பேட்டரிப் பெட்டி வைத்து, அதிலிருந்து ஓயாமல் மின்சாரம் அனுப்பலாம் என்றார் டாக்டர்.

"மூளைக்கு கரண்டா சார்?" என்று கேட்டார் மாமா, அக்கா வீட்டுக்காரர்.

டாக்டர் பதில் சொல்வதற்குள் அக்கா சொன்னாள். "வச்சிடுங்க."

ஆபரேஷன் நடந்தபோது அவளுக்கு நினைவு இருந்தது. கையைத் தூக்கச் சொல்லி, எண்ணச் சொல்லிப் பார்த்துக்கொண்டே கம்பியை இறக்கினார்களாம். "பக்கத்து வீட்டுல யாரோ செவுத்துல ஓட்ட போடற மாதிரி சத்தம் கேட்டுச்சு. அப்புறந்தான் அது என் மண்டைன்னு புரிஞ்சுது" என்றாள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் நான் நிஜமாகவே பயந்தது ஒரு மாசம் கழித்து, மின்சாரத்தின் அளவைச் சரிபார்க்கப் போன அன்று. வட்டமான ஒரு தகட்டை அவள் நெஞ்சின் மேல் வைத்து, அதோடு சேர்ந்த கருவியில் டாக்டர் பொத்தான்களை அழுத்தினார். நடுக்கம் குறைந்தது. அப்படியே நின்றது. மாமா கை கூப்பினார். "கம்பியில இன்னொரு இடத்துக்கு மாத்திப் பாக்கலாம்" என்று டாக்டர் வேறெதையோ அழுத்தினார்.

அக்கா தலை குனிந்தாள். பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"என்னக்கா? வலிக்குதா?"

"வலி இல்ல. என்னால முடியல. எனக்கு எதுவுமே வேணாம். நான் இருக்கக் கூடாது. என்னை விட்ருங்க."

அக்கா அப்படிப் பேசுகிறவளே இல்லை. அப்பா செத்த அன்றுகூட எங்களையெல்லாம் தேற்றியவள் அவள்தான். டாக்டர் சட்டென்று பழைய இடத்துக்கே மாற்றினார். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விரலில் ஒட்டியிருந்த ஈரத்தை யாருடையதோ போலப் பார்த்தாள்.

"நான் ஏன் அழுதேன்?" என்று என்னிடம்தான் கேட்டாள். ஒரு பொத்தான் தள்ளிப் போனால் என் அக்கா சாக ஆசைப்படுவாளா?

வீட்டுக்கு வரும்போது கைக்கு அடக்கமான ஒரு ரிமோட் கொடுத்தார்கள். அளவை மாற்ற அதில் வழியில்லை. அணைக்க ஒரு பொத்தான், போட ஒரு பொத்தான். பெரிய காந்தம் பக்கத்தில் வந்தால் பெட்டி தானாக அணைந்துவிடும், ஜாக்கிரதை என்றார்கள்.

மாமாவின் அண்ணன் வீட்டுக் காதுகுத்தில் அதுதான் நடந்தது. இலை போட இடம் பண்ணவேண்டியிருந்தது. அக்கா யாரையும் கூப்பிடாமல் பாட்டுக்காரர்களின் ஸ்பீக்கர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி ஓரமாக வைத்தாள். டம்ளரைப் பிடிக்க முடியாமல் இருந்தவள் அல்லவா, எனக்குக் காட்டத்தான் தூக்கினாள். ஸ்பீக்கருக்குள் பெரிய காந்தம் இருப்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. கொஞ்ச நேரத்தில் அவள் தாடை ஆடத் தொடங்கியது. கை உதறியது. உடம்பு விறைத்துக்கொண்டு போனது. மாமா வாழைப்பழம் வாங்கத் திருவண்ணாமலைக்குப் போயிருந்தார். நான் அவளைத் தாங்கி உள்ளறைக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்து, பையிலிருந்து ரிமோட்டை எடுத்தேன்.

என்னால் அழுத்த முடியவில்லை. மறுபடியும் அந்த அழுகை வந்துவிட்டால்?

"அமுக்குடி," என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

அமுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. பட்டுப்புடவை மடிப்புக்கு மேலே வைத்திருக்கிறேன். மடிப்பை விலக்கி, தோலின் மேல் பதித்து மறுபடியும் அமுக்கினேன். ரிமோட்டில் விளக்கு எரிந்தது. நடுக்கம் அடங்கி, மூடியிருந்த கை மெல்ல விரிந்தது. அவள் எழுந்து பந்திக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவளுடைய ஒவ்வொரு சொல்லையும் சந்தேகப்பட ஆரம்பித்தேன். முன்னைவிட ஜாஸ்தி பேசினாள், வேகமாக முடிவெடுத்தாள். நீண்ட லீவில் இருந்த அவள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொள்ளட்டும் என்று மாமா மனு எழுதி, என்னிடம் கொடுத்து ஆபீசில் டைப் அடிக்கச் சொல்லியிருந்தார். அதைக் கையெழுத்துக்கு நீட்டிய அன்று அக்கா தள்ளிவிட்டாள்.

"நான் ஸ்கூலுக்குப் போறேன். திங்கக்கிழமையே போறேன்."

எனக்கு வாய் அடங்கவில்லை. "இது நீ பேசறியா, உள்ள இருக்கற பெட்டி பேசுதா?"

மாமா என்னை முறைத்தார். அக்கா பையிலிருந்து ரிமோட்டை எடுத்து, நெஞ்சில் வைத்து, அவளே அணைத்துவிட்டாள்.

"அக்கா, வேணாம். போடு."

"இரு."

மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். முதலில் விரல் ஆடியது. பிறகு முழங்கை, தாடை. முகம் மெல்ல மெல்லக் கல்லாவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வாயோரம் எச்சில் வழிய, ஒவ்வொரு எழுத்தாக இழுத்துச் சொன்னாள்.

"திங்கக்கெழம... ஸ்கூலுக்கு... போறேன்."

இந்த முறை நான் தயங்கவில்லை, ரிமோட்டை அமுக்கிப் பெட்டியை ஓடவிட்டேன். அவள் காலில் விழுந்தேன். "எழுந்துரு, பைத்தியம்," என்றாள்.

திங்கட்கிழமை போனாள். அதற்குப் பிறகு இரண்டு முறை பேட்டரி மாற்றியாகிவிட்டது. நீயா பெட்டியா என்ற அந்தக் கேள்வியை நான் மறுபடி அவளிடம் கேட்டதில்லை. ஆனால் போனில் அவள் குரல் கொஞ்சம் கம்மியாகக் கேட்டால்கூட, "சாப்ட்டியா?" என்று கேட்பதற்கு முன்னால் "பெட்டி ஓடுதான்னு ரிமோட்டை வச்சுப் பாத்தியா?" என்று இன்னும் கேட்டுவிடுகிறேன்.