கழுவிய எலும்பு

தெல்தோட்டைக்குப் பஸ் ஏறும்போதே எனக்கு எரிச்சல். அக்கா என்னைக் கூப்பிட்டு வருஷங்களாகின்றன. இப்போது கூப்பிட அவளுக்கு ஒரு மண்டையோடு தேவைப்பட்டது. புது வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியபோது கிடைத்ததாம்.

தேயிலைத் தோட்டத்து லயக் காம்பிராவின் புகையில் பாதி ஆயுளைக் கழித்தவள். மேட்டுச் சரிவில் வீடு கட்டவென்று ஏழு பேர்ச் காணி கிடைத்த நாளிலிருந்து அவள் பேச்சுக்கே ஒரு கூரை வந்துவிட்டது. அந்தக் கூரையின் கீழ் இப்போது எலும்பு.

போய்ப் பார்த்தால், எல்லாவற்றையும் பொறுக்கியெடுத்து, மஞ்சள் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, பால் ஊற்றி, புதுப் பானைக்குள் வைத்திருந்தாள். மண்டையோட்டின் நெற்றியில் குங்குமம்.

"ஆம்பள கை வேணும். பானையத் தூக்கு, ஆத்தோரம் பொதைச்சிட்டு வந்துரலாம்."

"பொலிசுக்குச் சொன்னியா?"

"சொன்னா வீடு நின்னுரும். டவுன்ல இருக்கிறவன், ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். தெரிந்தேதான் பொலிசுக்குச் சொன்னேன். யாரென்று கேட்காமல் ஒரு ஆளை இரண்டாம் தடவையும் புதைக்க என் கை எழவில்லை. வந்தார்கள், குழியைச் சுற்றி நாடா கட்டினார்கள். எந்தக் காலத்து எலும்பு என்று தெரியும்வரை குழியில் மண்வெட்டி விழக் கூடாது. கீழ்க் கிராமத்தில் அதை மன்னர் காலத்துப் போர்வீரன் என்றார்கள். வீரனென்றால் தொல்பொருள் இடமென்று காணியே போய்விடும்.

"சந்தோசமா?" என்றாள் அக்கா. அதன்பிறகு அவள் கையால் எனக்குத் தேத்தண்ணி கிடையாது.

எலும்புகளைப் படிக்கிறவர் பேராதனைப் பக்கமிருந்து வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண்மணி. பானைக்குள் எட்டிப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"ஆர் இதைக் கழுவினது?"

"நாந்தான்," என்றாள் அக்கா.

"தலை எந்தப் பக்கம் கிடந்தது, பக்கத்தில என்ன இருந்தது, ஒண்டும் இனித் தெரியாது. மண்தானம்மா எங்களுக்குச் சாட்சி. சாட்சியைக் குளிப்பாட்டி விட்டிட்டீங்கள்."

"செத்தவங்கள அழுக்கோடயா வைப்பாங்க, மிஸ்? உங்க ஊர்ல எப்படியோ."

அவர் கழுத்தெலும்புகளை விரித்த சாக்கில் அடுக்கினார். பெண், நடுத்தர வயது. எலும்புகள் தேய்ந்து, விளிம்பெல்லாம் முள் விட்டிருந்தன. தலையில் பாரத்தைத் தொங்கவிட்டு நடந்த கழுத்தாக இருக்கலாம் என்றார். அக்கா தன் பிடரியைத் தடவிக்கொண்டாள். கொழுந்துக் கூடைக் கயிறு அந்தக் கழுத்தை என்ன செய்திருக்கிறதென்று எனக்கும் தெரியும்.

"வீரன் கொழுந்தெடுத்தானாக்கும்," என்றாள்.

மிச்சமிருந்த மண்ணைச் சலித்ததில் சவப்பெட்டி ஆணிகள் வந்தன. மெஷினில் செய்தவை. ஆகவே வெள்ளைக்காரரின் தோட்டக் காலம், மன்னர் தப்பித்தார். நாடாவை அவிழ்க்கலாம்தான், ஆனால் யார் வழி வந்தவள் என்று மரபணுவும் பார்த்துவிடலாம், அதுவரை நாடா இருக்கட்டும் என்றார். எலும்பில் ஒரு துண்டையும், தொட்டவள் என்பதால் ஒப்பிட்டுக் கழிக்க அக்காவின் எச்சிலையும் கொண்டுபோனார். குழியில் மழை நின்றது. மாதங்கள் அதில் ஊறின. அக்கா என் போனை எடுக்கவில்லை.

முடிவைச் சொல்ல அவரே வந்தார், நானும் போயிருந்தேன்.

"எலும்பில கிடைச்சது முழுக்க இவவின்ர மரபணுதான். கழுவின கையின்ர. உள்ளுக்க இருந்தது இந்த ஈரத்தில அழிஞ்சு போச்சு. ஆரெண்டு இனிச் சொல்லேலாது."

அக்கா யோசித்தாள். "அப்ப அது நான்னு சொல்லுதா?"

"அப்பிடியில்லையம்மா, அது வந்து…"

"சொல்லுதுல்ல. நல்லதாப் போச்சு. நான் பொதஞ்சு கெடந்த எடத்துல நான் வீடு கட்டக் கூடாதுன்னு எவன் சொல்றது?"

நாடா அவிழ்ந்தது. சுவர் எழும்பியது. பால் காய்ச்சும் நாளுக்கு என்னை அழைக்கவில்லை, நானாகப் போனேன். வாசலிலேயே கேட்டாள்:

"எதுக்கு வந்த? இங்க இன்னொரு எலும்பு கெடக்கா?"

பொங்கிய பாலில் முதல் செம்பை அவள் யாருக்கும் தரவில்லை. அந்த எலும்பு கிடந்த மூலையில் ஊற்றினாள். மிச்சம் தட்டில் கோப்பைகளாக எல்லோருக்கும் வந்தது. தட்டு என்னைத் தாண்டிப் போனது.