மஞ்சள் அம்பு

எங்கள் சூப்பர்வைசரின் பழைய எலெக்ட்ரிக் கிதாரின் பின்பக்கம், ஒரு மூலையில் மட்டும், கட்டைவிரல் அகலத்துக்கு வார்னிஷ் நுண்ணிய வெடிப்புகளோடு இருக்கிறது. அதைக் காட்டி ஒரு மஞ்சள் அம்பு ஸ்டிக்கர். ஒரகடம் கார் கம்பெனியில், பெயின்ட் சரியில்லாத இடத்தில் நாங்கள் ஒட்டுவது அது. அம்பு விழுந்த இடத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கியே தீர வேண்டும்.

பத்து வருடமாக எனக்கு அதுதான் வேலை. கீறல் கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. மகளை நர்சிங்கில் சேர்ப்பதற்காக, தன் அப்பா விட்டுப்போன அந்தக் கிதாரை விற்க முடிவு செய்தபோது சூப்பர்வைசர் அதை என்னிடம் கொண்டுவந்தார். "ஞாயித்துக்கெழம ஒருத்தர் பாக்க வராரும்மா. பெயின்ட் எப்டி கீதுன்னு பாத்து சொல்லு."

பார்த்துச் சொல்லத்தானே சொன்னார்? வாலாஜாபாத்தில் இருக்கும் என் வீட்டுக்கு எடுத்துப் போனேன். மஞ்சள் பாய்ந்த வார்னிஷ், உடம்பெல்லாம் வெடிப்பு, பெல்ட் உரசிய தடம். இந்தக் கோலத்திலா வெளியாளிடம் காட்டுவது என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. இரண்டு நாள் நைஸ் உப்புத்தாளும் பாலீஷுமாகத் தேய்த்தேன். பின்பக்கத்தில் அந்த ஒரு மூலைதான் என் கண்ணில் படாமல் தப்பியது. திருப்பிக் கொடுத்தபோது அவருக்கும் வாயெல்லாம் பல். "புது வண்டி மாரி கீதும்மா!" பெயின்ட் ஷாப் ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்தால் வேறென்ன தோன்றும்?

ஞாயிற்றுக்கிழமை நானும் மண்ணூரில் சூப்பர்வைசர் வீட்டில் இருந்தேன். கிதாரைப் பார்க்க வந்த மனிதர் பின்மூடியைக் கழற்றி, உள்ளே ஒயர்களை ஒட்டிய பழைய ஈயப் பற்று அப்படியே இருப்பதைப் பார்த்துத் தலையாட்டினார். அடியில் இருந்த நம்பரைப் படித்ததும் முகம் மலர்ந்தது. பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"எல்லாம் ஒரிஜினல் சார். அந்த வெடிப்புதான் இதோட வயசுக்கு சாட்சி. அதப் போய் தேச்சுட்டீங்களே! பாதி மதிப்பு போச்சு. யாரு கை வெச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் சூப்பர்வைசர் முந்திக்கொண்டார். "நான்தான் சார்."

வந்தவர் வாங்காமலே போய்விட்டார். நான் அழுதுவிட்டேன். "எதுக்கு சார் உங்க மேல போட்டுக்கினீங்க?"

"லைன்ல நீ ஓகே பண்ணா, கீழ கையெழுத்து போடறது யாரு? நான்தானே?"

இப்படி ஒரு மனிதரின் கீழ் வேலை பார்த்தது என் பாக்கியம். பி.எஃப். கடன் போட்டு மகளைச் சேர்த்தார். அவள் இப்போது நர்ஸ். ஆனாலும் அந்தக் கிதாரின் பளபளப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு குத்தும்.

போன கிறிஸ்துமஸுக்கு சர்ச்சில் வாசித்து முடித்தவர், என்னைக் கூப்பிட்டுக் கிதாரைத் திருப்பிக் காட்டினார். தப்பித்த அந்த மூலையில் புதிதாக மஞ்சள் அம்பு. "இந்த எடத்தையாச்சும் வுட்டு வைம்மா, தாயே!" என்று சிரித்தார்.

வெடிப்பைப் பார்த்ததும் என் கை பரபரத்தது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.