கிவ் அப்புக்கு நாலு அர்த்தம்

இன்னிக்கு காலைல வேங்கிக்கால் போற டவுன் பஸ்ல நின்னுட்டிருந்தேன். கழுத்துல ஐடி கார்டு மாட்டின ஒருத்தன் சட்டுனு எழுந்து, "நீங்க ஒக்காருங்க தாத்தா"ன்னான்.

"பரவால்லப்பா, பக்கத்துல தான் எறங்கணும்"னேன்.

கண்டக்டர் விடல. "பெரியவரே, ஒக்காருங்க. வழியில நிக்காதீங்க"ன்னாரு. பஸ்ஸே என்னப் பாத்துச்சு. ஒக்காந்துட்டேன்.

ஒக்காந்ததும் எண்பதுகள்ல தேரடி வீதி டுடோரியல்ல படிச்சது ஞாபகம் வந்துச்சு. ரெண்டாவது வாட்டியும் இங்கிலீஷ்ல ஃபெயில் ஆயிருந்தேன். "இனிமேலும் போச்சுன்னா நெலத்துல மல்லாட்ட புடுங்க வந்துடு"ன்னு அப்பா சொல்லிட்டாரு. மல்லாட்டன்னா எங்க பக்கம் வேர்க்கடல.

அந்த பயத்துல 'கிவ் அப்'புக்கு சார் குடுத்த நாலு அர்த்தத்தையும் வாக்கியத்தோட உருப்போட்டேன். பீடிய விடுறது, நம்பிக்கைய விடுறது, போலீஸ்ல சரணடையிறது. நாலாவது, 'ஹி கேவ் அப் ஹிஸ் சீட் டு அன் ஓல்ட் மேன்.' அவன் ஒரு கெழவருக்கு எடம் விட்டான்.

பரிட்சையில அதத்தான் எழுதினேன். பாஸாயிட்டேன்.

அதுக்கப்புறம் பஸ்ல யாருக்கு எடம் விட்டாலும் அந்த வாக்கியம் மனசுல ஓடும். அதுல வர்ற 'ஹி' நான்தான்னு இத்தன வருஷமா நெனச்சிட்டிருந்தேன்.

வாக்கியம் இன்னிக்கும் அதே தான். நான் மட்டும் இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடிக்குப் போயிட்டேன்.

உங்கள எந்த பஸ்ல, யாரு மொதல்ல கெழவன் ஆக்கினாங்க? எழுதுங்க. ஒக்காந்தே படிக்கிறேன்.