உறை கட்டிய கம்பங்கதிர்களைப் பார்க்கப் போனோம்

போன புரட்டாசியில் தாராபுரத்திலிருந்து கிளம்பி, கோயமுத்தூருக்கு மேற்கே உள்ள ஒரு விதைப் பண்ணைக்குப் போய்வந்தோம். எழுத இப்போதுதான் கை ஒழிந்தது. கம்பு விதை பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். அது பாதி உண்மை.

மகனுக்கு அப்போது பதினேழு மாதம். இன்னும் நடக்கவில்லை. என் கணவர் எனக்கு அத்தை மகன். வருகிற தையில் என் தம்பிக்கும் என் நாத்தனாருக்கும் கல்யாணம் என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். நானோ கல்லூரியில் தாவரவியல் படித்தவள். தன் மகரந்தத்தாலேயே கருவுறும் செடிகள் சில, தலைமுறைக்குத் தலைமுறை குன்றும் என்று பரீட்சையில் எழுதியவள். அதை வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. நிஜந்தானா என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் தைரியம் வரும் என்று தோன்றியது. துணைக்கு மாமியார் வந்தார். அவர்தான் என் அத்தை.

காலை ஆறு மணிக்குப் பஸ். ஐம்பது மைல், ஆளுக்கு ஒரு ரூபாய் இரண்டணா. பல்லடத்தில் என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற இருபது நிமிடம் நிற்கும். காப்பிக் கடையில் கேட்டால் குழந்தைக்கு வெந்நீர் தருவார்கள்.

“ஏனுங்க அம்மணி, பையனை எறக்கி நடக்க உடுங்க. காலு மரத்துப் போயிருமல்லோ?” என்றார் டிரைவர்.

“தூங்கறானுங்க” என்றேன். மடியிலிருந்தவன் கண்ணை அகல விழித்து அவரைப் பார்த்துச் சிரித்தான்.

பத்து மணிக்குக் கோயமுத்தூர். அங்கிருந்து பண்ணை மூன்று மைல். குதிரை வண்டிக்காரர் ஆறணா கேட்டார். “எங்களைப் பாத்த ஒடனே குதிரை எளைச்சுப் போச்சுங்களா?” என்று கேட்டு அத்தை நாலணாவுக்கு முடித்தார்.

பண்ணை உதவியாளர் குடையை இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். ஒரு பக்கம் ராகி, மறுபக்கம் கம்பு. கம்பு வரிசைகள் சிலவற்றில் ஒவ்வொரு கதிருக்கும் காகித உறை மாட்டி நூலால் கட்டியிருந்தார்கள். வேறு செடியின் மகரந்தம் காற்றில் வந்து ஒட்டாமல் இருக்கத்தான் அது. உறையில்லாத கம்பு ஆளுயரம் நின்றது; அந்த வரிசைகள் என் இடுப்புக்குக்கூட வரவில்லை.

“ராகியும் தனக்குள்ளேயேதானே கருவுறுகிறது? அது ஏன் குன்றவில்லை?” என்று கேட்டேன்.

“அது எப்பவோ பட்டு முடிச்சதுங்க. கொறையெல்லாம் வெளிய வந்து, கொறையுள்ள செடி செத்து, தாங்குனது மட்டும் நிக்குது. கம்பு ஊர்க்காத்து வாங்கியே பழகுனது. கொறை உள்ளுக்குள்ள ஒளிஞ்சே கெடக்கும். உறை கட்டுனா வெளிய வந்துருமுங்க.”

“ஒரே தரம் கட்டினாலுமா?”

“ஒரு தரத்துல பல செடிக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. திரும்பத் திரும்பக் கட்டுனாத்தான் இப்படி ஆகும்.”

மனிதர்கள் செடியல்ல, அத்தை மகனும் மாமன் மகளும் ஒரே கதிருமல்ல. இருந்தாலும் நாம் ராகியல்ல, கம்புதான் என்று எனக்குத் தெளிவாகவே பட்டது. ஒரு தரந்தானே என்று மகனைப் பற்றிய பயம் பாதி இறங்கியது. மறுபடியும் சொந்தத்துக்குள்ளேயே என்பதால் தைக் கல்யாணத்தைப் பற்றிய பயம் இறங்கவில்லை.

திரும்பிப் பார்த்தால், பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தை மூன்று கதிர்களின் உறையை அவிழ்த்து முடித்திருந்தார்!

“ஐயோ, என்னங்கம்மா பண்ணிப்போட்டீங்க? நாலு தலைமொறையாக் கட்டுனதுங்க!” குடை கீழே விழுந்தது.

“குருவிக்குத்தானுங்க தம்பி கட்டியிருக்கீங்க? குருவி ஒண்ணையும் காணோம். கதிரு வேத்துக் கெடந்துச்சு, காத்தாடட்டும்னு அவுத்துப்போட்டேன்.”

“வெளி மகரந்தம் ஒட்டியிருக்குமுங்க. இதுல வர்ற செடி அடுத்த தரம் ஆளுயரம் நிக்கும்!”

“ஆளுயரம் நின்னா உங்களுக்கு நட்டமுங்களா?”

அவர் பொறுமையாக விளக்கினார். கலப்பில்லாத வரிசை ஒன்று கையில் இருந்தால்தான், எதை எதோடு சேர்த்தால் நல்ல விதை வரும் என்று பார்க்க முடியுமாம்.

“அப்ப இது குறுகி நிக்கறது, சொந்தத்துக்குள்ளயே சேந்து சேந்துதானுங்களா?”

“ஆமாங்க.”

அத்தை இடுப்பிலிருந்த பையனைப் பார்த்தார், பிறகு என்னை. மூன்று கதிர்களையும் உதவியாளர் கத்தரித்து எறிந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

இரண்டு மணிப் பஸ்ஸில் திரும்பினோம். பல்லடத்தில் பஸ் நின்றபோது அத்தை கேட்டார்.

“உன் தம்பிக்குக் காங்கயத்துலிருந்து ஒரு சாதகம் வந்துச்சே கண்ணு, திருப்பி அனுப்பிப்போட்டியா?”

“இல்லீங்க அத்தை. அரிசிப் பானைக்குள்ள வெச்சிருக்கறேன்.”

“நெனச்சேன். இருக்கட்டும். உங்க மாமன்கிட்ட நான் பேசிக்கறேன். எம் மகளுக்கும் வெளியில பாக்கலாம்.” பையன் காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: “கூட்டம் வேற வேறதானேன்னு இருந்துட்டோம். மூணு மாசமா நானும் இவன் காலைத்தான் பாத்துக்கிட்டு இருக்கறேன்.”

எங்கள் பக்கம் ஒரே கூட்டத்துக்குள், அதாவது ஒரே குலத்துக்குள், பெண் கொடுப்பதில்லை. அதற்குமேல் யாரும் கணக்குப் பார்ப்பதுமில்லை.

போக விரும்புகிறவர்களுக்கு: கம்பு பூக்கும் புரட்டாசியில் போங்கள். முன்னதாகக் கடிதம் எழுதிவிடுங்கள். பால் கையோடு இருக்கட்டும். அங்கே கடை கிடையாது. பெரியவர்களை அழைத்துப் போனால், உறை குருவிக்கு அல்ல என்று வரப்பில் கால் வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

பையன் இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காங்கயத்துக்காரர்கள் வருகிறார்கள். அத்தை இப்போதே முறுக்குக்கு மாவு அரைக்கக் கொடுத்துவிட்டார்.